கொப்பியில் எழுதாத அரிசி

டொக்டர் அம்னா கொப்பியைத் திருப்பத் திருப்ப, நான் என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிள்ளை சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச்சொல்லி அவர் கேட்ட கொப்பி: பதினான்கு நாட்கள், பதினான்கு பக்கங்கள். அருந்ததியின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பதுதான் பதினாறு வருடமாக என் மனைவியின் வேலை. திங்கள் மதியம்: மொட்டைக்கறுப்பன் சோறு, ஈரல் கறி, முருங்கையிலை வறை. முழுவதும் சாப்பிட்டாள். செவ்வாய் மதியம்: சோறு, சூடைமீன் குழம்பு, கீரை. முழுவதும் சாப்பிட்டாள். ஒவ்வொரு 'முழுவதும்' என்ற சொல்லுக்குக் கீழேயும் சந்தோசத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் கதிரையில் இருந்து காலாட்டிக்கொண்டிருந்த எங்கள் மகள் ரூபிகா, எட்டு வயது, கடைக்கண்ணால் என்னை ஒருமுறை பார்த்தாள். வரி அதிகாரி கடைக்குள் நுழைந்ததும் கூட்டு வியாபாரிகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை.

டொக்டர் கொப்பிக்குப் பக்கத்தில் இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தார். "இந்தக் கொப்பிய நம்பினா ரிப்போட்ட நம்பேலா. ரிப்போட்ட நம்பினா கொப்பிய நம்பேலா" என்றார். பதினொன்றரைக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழேகாலில் நிற்கிறது. உடம்பில் சேமிப்பாகக் கிடக்க வேண்டிய இரும்புச்சத்து, துடைத்தெடுத்ததுபோல, மிச்சமே இல்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மலப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், எரிந்து விழுகிறாள், மூன்றாம் பாடத்தில் நித்திரையாகிறாள் என்பதெல்லாம் குணக்கேடாக இருக்க வேண்டியதில்லை, இவ்வளவு இரத்தம் குறைந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அருந்ததி அதைக் கேட்டுத் தலை குனிந்தாள். பிறகு டொக்டர் பேனையை மூடிவிட்டுக் கேட்டார்.

"இரும்புச்சத்துக் கொறஞ்ச சில பிள்ளைகள் தின்னாத சாமானத் தேடித் தின்னும். மண், சோக்குக்கட்டி, ஐஸ், பச்சையா அரிசி. அப்படி ஏதும் பழக்கம் இருக்கா?"

கேள்வி முடியுமுன்பே அருந்ததி, "இல்லை டொக்டர். வாயில வச்சது எல்லாத்தையும் நான் எழுதியிருக்கிறன்" என்றாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பி, "வாப்பா என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் இல்லையென்று தலையாட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று படி இறங்கும்போது எனக்கு நானே ஒரு விலைக்கழிவும் கொடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைக்கு இப்படி இரத்தம் குறைந்தால், உள்ளே எங்கேயோ கசிகிறது என்றுதான் யோசிக்க வேண்டுமாம். வியாழக்கிழமை காலை மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் கமரா பொருத்திய குழாயை இறக்கி, வயிற்றைப் பார்க்கலாம் என்று டொக்டர் எழுதித் தந்தார். சம்மதக் கடிதத்தில் தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும்.

அரிசிக்கடைக்காரன் மகனாகப் பிறந்தவனுக்கு அரிசி தின்னும் பழக்கம் பற்றிய அந்தக் கேள்வி புரியாமல் இல்லை. என் தகப்பனார் புறக்கோட்டையில் அரிசி வியாபாரம் செய்தவர். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் எனக்கு ஒரு கடை. எங்கள் தொழிலில் கண்ணை நம்பமாட்டோம், மூக்கையும் அவ்வளவாக நம்பமாட்டோம். மூட்டைக்குள் கைவிட்டு நாலு மணி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்போம். பழைய அரிசி 'டக்' என்று உடையும். புது அரிசி பல்லில் மாவாக ஒட்டும். ஈரம் ஏற்றிய அரிசி சத்தமே போடாது. எத்தனை சத்தியம் பண்ணி விற்க வந்தாலும் கடைசியில் பல் சொல்வதுதான் தீர்ப்பு.

ரூபிகா ஆறரை வயதில் முதன்முதலாகக் கீரிச்சம்பா மூட்டைக்குள் கைவிட்டு வாயில் போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தடுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. "எப்பிடியம்மா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பழசு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அது குருட்டுவாக்கில் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் நான் அதை வெள்ளவத்தை முழுக்க விற்றேன். கலியாண வீடுகளில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன். தரகர் மஹ்ரூப் நானா, விற்க வந்த மூட்டையின் மாதிரி அரிசியைக் கடதாசியில் மடித்துக்கொண்டு வந்தால் என்னிடம் நீட்டுவதற்கு முன் அவளிடம் நீட்டுவார். "குட்டி முதலாளி ஓகே சொன்னாத்தான் கதிர் முதலாளி வாங்குவார்" என்பார். அவள் வாய்க்குள் போட்டு, கண்ணை மூடி, தாடையை அசைக்கும்போது கடையில் நிற்கும் சனமெல்லாம் பார்க்கும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

நாலு அரிசிமணி போகப்போக ஒரு பிடியானது. பாடசாலைச் சட்டைப் பையிலும் அரிசி வந்தது. தொழிலில் அக்கறை கூடிவிட்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

காளியப்பன் மட்டும் ஒருநாள் சொன்னார். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், பதினொரு வருடமாக என்னிடம் மூட்டை அடுக்குகிறார். அதிகம் கதைக்கமாட்டார்.

"மொதலாளி, பாப்பா சாம்பிள் பாக்குற மாதிரி தெரியலீங்க. சாம்பிள் பாக்குறவங்க துப்பிருவாங்க. இது முழுங்குது. எங்க தோட்டத்துல இப்பிடி அரிசி திங்கிற பொம்பளைங்களைப் புடிச்சு, ரத்தம் இல்லன்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"காளியப்பன், நீர் மூட்டையைப் பாரும். என்ர பிள்ளையை நான் பார்க்கிறன்" என்றேன். அவர் மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார். துப்பாமல் விழுங்குகிறாள் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு வியாபாரிக்கு, தான் சரக்கைப் பிழையாக எடைபோட்டுவிட்டான் என்று மூட்டை தூக்குகிறவர் சொல்லித் தெரியவருவது போன்ற அவமானம் வேறில்லை.

பாடசாலையிலிருந்து முதல் கடிதம் வந்து ஆறு மாதமாகிறது. கவனமில்லை, இருந்த இடத்தில் இருக்கமாட்டாள், தட்டி எழுப்பினால் கொப்பியை எறிகிறாள். இரண்டாவது கடிதம், பக்கத்துப் பிள்ளையின் கையைக் கிள்ளி இரத்தம் வரவைத்துவிட்டாள் என்று வந்தது. மூன்றாவதில், அடுத்த தவணை பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மிக மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பாடசாலை வானில் போகும் பிள்ளைகளின் தாய்மார் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அருந்ததி யோசனை கேட்டாள். ஒருத்தி சிவப்புச் சாயம் கலந்த இனிப்பு என்றாள், ஒருத்தி சீனி என்றாள், ஒருத்தி கோதுமை மா என்றாள், ஒருத்தி சனி என்றாள். அருந்ததி சனியைத் தவிர எல்லாவற்றையும் வீட்டிலிருந்து வெளியேற்றினாள். சனிக்கு எள்ளெண்ணெய் விளக்கு எரித்தாள். விடிய எழும்பி ஈரல் சமைத்து, கீரை ஆய்ந்து, மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கடைக்குத் தந்துவிட்டு கந்தோருக்கு ஓடினாள். ஒன்றும் மாறாததால் பிள்ளைக்கு அடிக்கவும் தொடங்கினாள். கோடு போடும் மர அடிமட்டத்தால், முழங்காலுக்குக் கீழே. அடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விடுவாள். அழுவது வெளியே கேட்காதென்று நினைப்பு.

இனி அந்தச் சாப்பாட்டுப் பெட்டியின் கதை. வான் ஒன்றேமுக்காலுக்கு ரூபிகாவைக் கடையில் இறக்கிவிடும். அந்த நேரம்தான் கடையில் கூட்டம். முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் அவள் முகத்தைத் திருப்பினாள். இரண்டு வாய் சாப்பிட்டால் கிரீம் பிஸ்கட் தருகிறேன் என்றேன். பிள்ளையோடு பேரம் பேசக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கலாம், எங்கள் வீட்டில் அப்படியொரு சட்டம் கிடையாது. அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் விலையைச் சொன்னாள்.

"ஒரு வாயும் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கோ. நான் சத்தம் போடாம இருப்பன். அம்மாட்டச் சொல்லமாட்டன்."

மூன்று பக்கமும் லாபம் வருகிற பேரம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். பெட்டி காலியாகப் போனால் அருந்ததிக்குச் சந்தோசம். பிள்ளை அமைதியாக இருந்தால் கடைக்குச் சந்தோசம். ஈரல் கறியோ, அருந்ததியின் கைக்கு வெள்ளவத்தையில் போட்டியில்லை. நான் சாப்பிட்டேன். அவளுக்கு இரண்டு பிஸ்கட், பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி, மூட்டையிலிருந்து அவளே எடுத்துக்கொள்ளும் ஒரு பிடி அரிசி. கொப்பி எழுதச் சொன்ன முதல் நாளாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் இருந்தேன். ஆனால் அன்று பின்னேரம் அருந்ததி காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினாள். ரூபிகா அந்த மடியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? பதினான்கு நாள் ஈரலும் கீரையும் சூடைமீனும் உள்ளே போனதில் இரத்தம் ஊறியது எனக்கு. காற்சட்டைப் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது.

டொக்டரிடம் போய் வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்து, இன்றைக்கு நீயே சாப்பிட வேண்டும் என்றேன். ஏன் இன்றைக்கு என்று கேட்டாள்.  சாக்லேட் தருவதாகச் சொன்னேன், கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன். விலையை நான் ஏற்ற ஏற்ற, இந்தச் சரக்கில் ஏதோ பழுது இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நான் வளர்த்த பிள்ளை. பெட்டியைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்று அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. காளியப்பனிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளாமல், "பாப்பாவுக்குக் கட்டுன சோறுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பின்னேரம் டொக்டர் அம்னாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு விசயம் சொன்னால் அது எங்களுக்குள் இருக்குமா என்று கேட்டேன். யார் யாருக்குள் என்று கேட்டார். எனக்கும் உங்களுக்கும், மனைவிக்குத் தெரியாமல் என்றேன். 

"உம்மா எழுதின கொப்பிய உம்மாக்குத் தெரியாம நான் திருத்தேலா, கதிர்காமநாதன். சொல்றதாண்டா ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க" என்றார். நான், இல்லையில்லை, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் விலைக்கு இறங்காத ஒரு ஆளைக் கண்டால் கடையை விட்டு வெளியே நடப்பது எங்கள் பழைய தந்திரம். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து மெதுவாக நடப்போம். அவர் கூப்பிடவில்லை.

பிறகு மனதுக்குள் வேறு மாதிரிக் கூட்டிக் கழித்தேன். கமரா போகும், ஒன்றும் இருக்காது, இரும்புச்சத்து மருந்து தருவார்கள், பிள்ளை தேறிவிடும், மூட்டைகளை நான் மூடி வைப்பேன். யாருக்கும் நட்டமில்லை. மயக்கம் என்பது ஒரு சின்ன நித்திரைதானே. அப்படி நினைத்துக்கொண்டுதான் புதன்கிழமை காலை சம்மதக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடை திறந்தேன்.

ஒன்றேமுக்காலுக்கு வானிலிருந்து இறங்கிய ரூபிகா நேரே மூட்டையிடம் போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் ஒரு அம்மாவுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். வெளிறிய காதுமடல்களில் வெயில் பட்டு உள்ளே வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாள் அதை நல்ல நிறம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கமரா வயித்துக்குள்ள போனா அரிசி தெரியுமோ?"

"ஏனம்மா?"

"அம்மாவும் பார்ப்பா தானே."

தெரியாது என்றேன். கமரா அதைப் பார்க்கப் போகவில்லை என்றேன். அவள் அதை நம்பவில்லை. தன் விரலால் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, நெடுநேரம் யோசித்து முடிவெடுத்தவள்போலச் சொன்னாள்.

"தெரிஞ்சா நான் ஒளிச்சுச் சாப்பிட்டது எண்டு சொல்லுறன். உங்களுக்குத் தெரியாது எண்டு சொல்லுறன். அம்மா எனக்கு அடிப்பா, பரவாயில்லை. உங்களோட கோவிக்கமாட்டா."

தராசுத் தட்டில் பருப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது, தட்டிவிட்டேன். எத்தனையோ பேர் என்னிடம் பேரம் பேசியிருக்கிறார்கள். தனக்கு அடி, எனக்கு ஒன்றுமில்லை என்று யாரும் விலை வைத்ததில்லை. கடையைப் பார்க்கச் சொல்லிக் காளியப்பனிடம் சாவியைக் கொடுத்தேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் திறக்காத சாப்பாட்டுப் பெட்டி. காலி வீதியில் வந்த முதல் பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்கு ஏறினேன். வழியெல்லாம் அவள் "எங்க போறம்?" என்று கேட்கவில்லை. கால்கள் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தன.

அருந்ததியின் கந்தோர் நாலாம் மாடியில். எங்களைக் கண்டதும் பிள்ளைக்கு ஏதோ என்று ஓடி வந்தாள். மின்தூக்கிக்குப் பக்கத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லில் கடித்தது, மஹ்ரூப் நானா, காளியப்பன் சொன்னது, பிஸ்கட், தேத்தண்ணி, பதினான்கு நாள் யார் சாப்பிட்டது, டொக்டர் கேட்டபோது தலையாட்டியது. சொல்வதை அழகாகச் சொல்லிப் பழகிய வாய். அன்று சொற்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து முட்டிக்கொண்டு நின்றன. பெட்டியை அவளிடம் நீட்டினேன். அவள் திறந்து பார்த்தாள். காலையில் அவள் வைத்தபடியே முருங்கையிலை வறை ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம்.

அவள் பெட்டியை மூடினாள்.  குனிந்து, ரூபிகாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்தாள்.

"ஒவ்வொரு நாளும் யூனிபோம் தோய்க்கேக்க இது இருந்தது" என்றாள். "கடைக்காரன்ர பிள்ளைதானே எண்டு உதறிப்போட்டுத் தோய்ச்சனான்."

விரல் இடுக்கால் அரிசி சிந்தி, மாடிப்படிகளில் விழுந்து துள்ளித் துள்ளிக் கீழே போனது. பழைய அரிசி. சத்தத்திலேயே தெரிந்தது.

"ரத்தம் இல்லாத பிள்ளைக்கு நான் அடிச்சனான்" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

டொக்டருக்கு அவளே பேசினாள். வியாழக்கிழமையை டொக்டர் தள்ளிவைத்தார். ஒரு மாதம் மருந்து, ஒழுங்கான சாப்பாடு, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாத தேத்தண்ணி அடியோடு நிறுத்தம். ஒரு மாதத்தில் இரத்தம் ஏறினால் கமரா வேண்டாம், ஏறாவிட்டால் கட்டாயம் செய்ய வேண்டும் என்றார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று தெரியவில்லை. அருந்ததி சொல்லவுமில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்குக்கூடக் கதைப்பதில்லை. தேவையானதைப் பிள்ளையிடம் சொல்வாள், பிள்ளை என்னிடம் சொல்லும். அடிமட்டம் குப்பைக்கூடையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டியோடு பையில் ஒரு புதுக் கொப்பியும் இருந்தது. அட்டையில் அருந்ததியின் கையெழுத்து: அப்பா எழுத வேண்டியது. வேறொன்றுமில்லை, கோடுமில்லை. நான் கடைக்குப் போனபோது எல்லா மூட்டைகளின் வாயும் சணல் நூலால் தைத்திருந்தது. காளியப்பன் சாக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நூலைப் பிரித்துப் பிரித்து அள்ளிக் கொடுத்தார். மஹ்ரூப் நானா அரிசி மடித்த கடதாசியோடு வந்து, குட்டி முதலாளி எங்கே என்றார். இனி இங்கே மாதிரி பார்ப்பது நான் மட்டும்தான் என்றேன். அவர் சிரித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

ஒன்றேமுக்காலுக்குக் கடையின் அரைக்கதவை இறக்கினேன். வெளியே இரண்டு பேர் நின்றார்கள், நிற்கட்டும். ரூபிகாவைக் கதிரையில் இருத்தி, எதிரே ஒரு வெற்றுச் சாக்கின் மேல் நான் இருந்தேன். பெட்டியைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விலை என்ன சொல்லப்போகிறேன் என்று. நான் விலை சொல்லவில்லை.  சோறும் ஈரலும் பிசைந்து ஒரு சின்ன உருண்டை நீட்டினேன். அவள் கண்கள் ஒருமுறை தைத்த மூட்டைகள் பக்கம் போய்த் திரும்பி வந்தன. பிறகு வாயைத் திறந்தாள்.

கண்ணை மூடி, தாடையை மெல்ல அசைத்து, மஹ்ரூப் நானா முன்னால் செய்வதுபோலவே செய்தாள். வெளியே ஆட்கள் கதவைத் தட்டினார்கள். நான் பேனையைத் திறந்து கொப்பியை மடியில் வைத்திருந்தேன். அவள் மென்றுகொண்டேயிருந்தாள். இன்னும் விழுங்கவில்லை.